மூன்று நொடியில் வந்த 33

போன தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மதுரையில் அக்கா மகளுக்கு நிச்சயதார்த்தம். காலை ஒன்பதிலிருந்து பத்தரைக்குள் தட்டு மாற்ற வேண்டும். அக்காவுக்கு நான் ஒரே தங்கை, அம்மா இப்போது இல்லை. தட்டை எடுத்துக் கொடுக்க நீதான் நிற்க வேண்டும் என்று ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். வீட்டுக்காரருக்கு அன்று வேலை, பையனுக்குப் பரீட்சை. அதனால் நான் மட்டும் காலை நாலரைக்குத் திருச்சியிலிருந்து கிளம்பினேன். நூற்று முப்பத்தைந்து கிலோமீட்டர், நல்ல நாலுவழிச் சாலை, ஏழரைக்குள் போய்ச் சேர்ந்துவிடலாம் என்பது என் கணக்கு. நான் போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்றே கால். இடையில் என்ன நடந்தது என்று முழுதாக எழுதுகிறேன். என்னை நாலு மணி நேரம் ரோட்டில் நிறுத்தியது டயர் வால்வுக்குள் இருக்கும் ஒரு சின்னப் பின், அதன் விலை பத்து ரூபாய். அதைப்பற்றி ஒருவராவது எனக்கு முன்னாலேயே சொல்லியிருக்கக் கூடாதா என்று அன்றைக்கு அவ்வளவு ஆற்றாமையாக இருந்தது.

விராலிமலையில் டீ குடிக்க நிறுத்தினேன். இன்னும் விடியவில்லை. டீக்கடைக்காரர்தான் கவனித்துச் சொன்னார், "அம்மா, முன்னாடி இடது டயர்ல காத்து கம்மியா இருக்கு பாருங்க." எனக்குப் பதற்றமே வரவில்லை. சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் மாட்டும் சின்ன ஏர் பம்ப் டிக்கியில் இருந்தது. தனியாக ஓட்டுகிறேனே என்று போன வருடம் வாங்கி வைத்தது. எவ்வளவு காற்று வேண்டும் என்று எண்ணைக் கொடுத்துவிட்டால், அந்த அளவு வந்ததும் தானாக நின்றுவிடும். இன்ஜினை ஓடவிட்டு, பம்ப்பின் டியூப்பை டயர் வால்வில் திருகி, 33 (psi என்ற காற்றழுத்தக் கணக்கில்) வைத்துப் பட்டனை அழுத்தினேன். மூன்று நொடி. மோட்டார் ஒரு முறை உறுமியது, திரையில் 33 வந்தது, நின்றுவிட்டது. கொஞ்சம்தான் குறைந்திருக்கிறது போல என்று நினைத்து, டீக்கடைக்காரருக்கு நன்றி சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன். திரையில் வந்த எண்ணை நம்பினேன், டயரைக் குனிந்து பார்க்கவில்லை. அந்த ஒரு நிமிடத்தை இப்போது நினைத்தாலும் வயிற்றைப் பிசைகிறது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இந்தப் பம்ப், பெட்ரோல் பங்க் மிஷின் இரண்டிலுமே மீட்டர் இருப்பது பம்ப் பக்கத்தில், டயருக்குள் இல்லை. வால்வுக்குள்ளே ஸ்பிரிங் வைத்த ஒரு பின் இருக்கிறது. டியூப்பின் வாய் அந்தப் பின்னை அழுத்தினால் வழி திறக்கும். திறந்தால்தான் டியூப்பில் இருக்கும் காற்றும் டயரில் இருக்கும் காற்றும் ஒன்றாகும், அப்போதுதான் மீட்டர் காட்டுவது டயரின் அளவு. பின் அழுந்தாவிட்டாலோ உள்ளே வழி அடைத்திருந்தாலோ, பம்ப் தன்னுடைய டியூப்பை மட்டும்தான் நிரப்புகிறது. அந்த டியூப்புக்கு ஒரு கைப்பிடிக் காற்று போதும், கண்மூடித் திறப்பதற்குள் 33 வந்துவிடும். ஓரளவு இறங்கிய கார் டயரை இந்த மாதிரிச் சின்ன பம்ப் நிரப்பச் சில நிமிடமாவது ஆகும். பார்வைக்கே தொய்ந்திருக்கும் டயர் மூன்று நொடியில் நிரம்பியதாகக் காட்டினால், உள்ளே காற்றே போகவில்லை என்று அர்த்தம். இதை எனக்கு யாரும் சொன்னதில்லை.

துவரங்குறிச்சி வருவதற்குச் சில கிலோமீட்டர் முன்னால் ஸ்டியரிங் இடது பக்கமாக இழுக்க ஆரம்பித்தது. முதலில் ரோடுதான் சரிவு என்று நினைத்தேன். பிறகு ரப்பர் கருகும் வாசனை. ஓரமாக நிறுத்தி, செல்போன் வெளிச்சத்தில் பார்த்தால், டயர் ரிம்முக்கடியில் சப்பளிந்து கிடந்தது. பக்கச் சுவரில் கை வைத்தேன், சுட்டது. மறுபடி பம்ப்பை மாட்டினேன். மறுபடி மூன்று நொடியில் 33. கழற்றி மாட்டினேன், அதே 33. பம்ப் கெட்டுவிட்டது என்றே முடிவு செய்துவிட்டேன். அதே பம்ப்பைப் பக்கத்து டயரில் மாட்டிப் பார்க்க வேண்டும் என்று அந்த இருட்டில் தோன்றவே இல்லை. நல்ல டயரில் சரியாக வேலை செய்தால் கோளாறு வால்வில், அங்கேயும் இதே கூத்து என்றால் கோளாறு பம்ப்பில். ஒரு நிமிட வேலை. அதைச் செய்திருந்தால் என் பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்திருக்கும்.

சரி, ஸ்டெப்னி மாற்றலாம் என்று ஸ்பேனரை எடுத்தேன். மாற்றத் தெரியும், கற்றுக்கொண்டுதான் தனியாக வண்டி எடுக்கவே ஆரம்பித்தேன். நட்டு அசையவில்லை. முழு பலத்தையும் கொடுத்தேன், உள்ளங்கை கன்றிச் சிவந்தது. கடைசியாக டயர் வேலை பார்த்த இடத்தில் ஏர் கன்னால் முறுக்கியிருந்தார்கள். லாரிகள் பக்கத்தில் பறந்துகொண்டிருந்தன. ஒவ்வொன்றும் போகும்போது கார் ஆடியது. கல்யாணப் பட்டுப்புடவையை முழங்கால் வரை தூக்கிச் செருகிக்கொண்டு அந்த ஓரத்தில் உட்கார்ந்தபோது அழுதேன். வீட்டுக்காரருக்குப் போன் செய்தால் எடுக்கவில்லை. அக்காவைக் கூப்பிட மனசு வரவில்லை, அந்த வீட்டில் அந்த நேரத்தில் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

அப்போது எனக்குத் தெரியாத ஒரு எண் உண்டு: 1033. தேசிய நெடுஞ்சாலைக்கான உதவி எண், இருபத்துநாலு மணி நேரமும் இயங்கும். வழியில் பூதகுடி டோல்கேட்டைத் தாண்டித்தான் வந்திருந்தேன். அந்தக் கட்டணத்தில் ரோந்து வண்டியும் இழுவை வண்டியும் சேர்த்திதான். அந்த எண்ணைப் போனில் பதிந்து வைத்திருந்தால் அடுத்துச் செய்த தப்பைச் செய்திருக்க மாட்டேன். பயத்தில் வண்டியைக் கிளப்பி, ஓரமாகவே ஊர்ந்து, இரண்டு கிலோமீட்டர் தள்ளித் தெரிந்த பங்க் வெளிச்சத்தை நோக்கி ஓட்டினேன். டயர் செத்தது அதற்கு முன்னாலேயா அந்த இரண்டு கிலோமீட்டரிலா என்று என்னால் சொல்ல முடியாது. பிழைக்கக் கொஞ்சம் வாய்ப்பு இருந்திருந்தாலும் அதை நானே கெடுத்தேன்.

பங்கில் ஒரு தம்பி காற்று மிஷினுக்குப் பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பினேன். அவரும் 33 வைத்தார், மாட்டினார், மிஷின் உடனே கீ கீ என்று கத்தியது. "ஃபுல் ஆயிடுச்சுக்கா" என்றார். டயர் கண்ணெதிரே தரையோடு கிடக்கிறது! "தம்பி, டயரைப் பாருங்க" என்றேன். அவர் டயரைப் பார்த்தார், மிஷினைப் பார்த்தார், மறுபடி மாட்டினார், மறுபடி கீ கீ. "டயரே போயிருக்கும்க்கா, மாத்தணும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அப்போதுதான் எனக்குச் சுருக்கென்று ஒன்று உறைத்தது. இரண்டு மிஷினும் ஒரே மாதிரியா கெட்டுப்போகும்? அதோடு இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. கடந்த இரண்டு மூன்று மாதமாகத் திருச்சியில் காற்று பிடிக்கும்போதெல்லாம் இந்த இடது முன் டயர் மட்டும் சட்டென்று முடிந்துவிடும். இதில் குறையவே இல்லை போல, நல்ல டயர் என்று நான் சந்தோஷப்பட்டிருக்கிறேன். உண்மையில் அத்தனை முறையும் அதற்குள் காற்றே போகவில்லை.

பங்குக்கு எதிரே ஒரு பஞ்சர் கடை. ஏழரைக்குத்தான் திறந்தது. எழுபது வயது இருக்கும் ஒரு பெரியவர் வந்தார். நான் படபடவென்று எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் குறுக்கே ஒரு வார்த்தை பேசாமல் கேட்டார். பிறகு ஒரு ஆணியை எடுத்து வால்வுக்குள் பின்னை அழுத்தினார். காதை வைத்துக் கேட்டார். "சத்தமே இல்ல பாருங்கம்மா. டயர்ல இன்னும் கொஞ்சம் காத்து இருக்கு, அமுக்குனா உஸ்ஸுன்னு வரணும். வரலன்னா அடைப்பு." அவ்வளவுதான். இரண்டரை மணி நேரம் நான் தேடிய விடை ஒரு ஆணியில் கிடைத்துவிட்டது.

வேலையை அவர் செய்த விதத்தைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதை நாமே செய்துகொள்ளலாம். முதலில் சக்கர நட்டுகளைத் தளர்த்திவிட்டு, ஜாக்கி போட்டு வண்டியைத் தூக்கினார். பின்னைக் கழற்றினால் மிச்சக் காற்றும் போய்விடும், வண்டிப் பாரம் மேலே இருந்தால் டயர் ஓரம் ரிம்மை விட்டு விலகிவிடும், அப்புறம் சின்ன பம்ப்பால் ஏற்றவே முடியாது என்றார். பிறகு ஒரு பழைய இரும்பு மூடியை எடுத்தார். அதன் தலையில் பிளந்த மாதிரி ஒரு கவை இருந்தது. அதைத் தலைகீழாக வால்வுக்குள் விட்டு இடப்பக்கமாகத் திருக, பின் கழன்று வந்தது. வால்வுக்கு நேராக முகத்தை வைக்க வேண்டாம் என்று என்னைத் தள்ளி நிற்கச் சொன்னார். நிறைய காற்று இருக்கும் டயரில் அந்தப் பின் தோட்டா மாதிரி பாயுமாம், கண் போனவர்களை அவர் பார்த்திருக்கிறாராம். வெளியே வந்த பின்னைச் சுற்றிப் பால் ஏடு காய்ந்த மாதிரி வெள்ளையாக ஒட்டியிருந்தது. மெல்லிய கம்பியை வால்வுக்குள் விட்டு இழுத்தார், விரல் நீளத்துக்கு ஒரு வெள்ளைத் திரி வந்தது. "ஜெல் ஊத்துனீங்களா?" என்றார்.

ஊற்றியிருந்தேன். டயரில் ஓட்டை விழுந்தால் உள்ளிருந்தே அடைக்கும் என்று ஊற்றுகிற திரவம் அது. நாலு மாதம் முன்னால், டயர் கடையில், இனி பஞ்சரே ஆகாது என்று சொல்லி நாலு டயருக்கும் சேர்த்து ஆயிரத்து இருநூறு ரூபாய் வாங்கினார்கள். அதை வால்வு வழியாகத்தான் ஊற்றுகிறார்கள். ஊற்றியபின் வால்வைச் சுத்தம் செய்யாவிட்டால், அல்லது வால்வு அடிப்பக்கமாக இருக்கும்போது காற்று பிடித்தால், ஜெல் வால்வுக்குள் வந்து காய்ந்துவிடுகிறது. பெரியவர் டயரைத் துழாவி ஒரு சின்ன முள் ஆணியையும் காட்டினார். ஜெல் அதைப் பாதிதான் அடைத்திருந்தது. ஒரு பக்கம் நாளும் கொஞ்சம் காற்று கசிகிறது, இன்னொரு பக்கம் உள்ளே போகவே வழியில்லை. ஜெல் போட்டிருக்கிறவர்கள் தயவுசெய்து காற்று பிடிக்கும்போது வால்வு மேல்பக்கம் இருக்கும்படி வண்டியை நிறுத்துங்கள், ஜெல் கீழே இறங்க இரண்டு மூன்று நிமிடம் விடுங்கள். என்னைக் கேட்டால் கார் டயருக்கு அது வேண்டவே வேண்டாம். டியூப்லெஸ் பஞ்சரை ஒட்ட நூற்றைம்பது ரூபாய் ஆகும், அதுவும் எப்போதோ ஒரு முறை.

புதுப் பின்னைப் போட்டுக் காற்று விட்டார். இந்த முறை மீட்டர் மெல்ல மெல்ல ஏறியது, டயர் கண்ணுக்குத் தெரிய எழுந்தது. எனக்கு அந்த நேரத்தில் வந்த நிம்மதியைச் சொல்ல முடியாது. மணி எட்டு. இப்போது கிளம்பினாலும் ஒன்பதரைக்குப் போய்விடலாம். ஆனால் பெரியவர் டயரின் பக்கச் சுவரைத் தடவிக்கொண்டே இருந்தார். "எவ்ளோ தூரம் ஓட்டுனீங்க?" என்றார். சொன்னேன். "கழட்டிப் பாத்துட்டுத்தான்மா விடுவேன்" என்றார். எனக்குக் கோபம் வந்தது, காசுக்காக இழுக்கிறாரோ என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். அதற்காக இன்றைக்கும் வருத்தப்படுகிறேன். டயரை ரிம்மிலிருந்து பிரித்ததும் உள்ளேயிருந்து கறுப்புப் பொடி கொட்டியது. பக்கச் சுவரின் உள்பக்கம் வட்டமாகத் தேய்ந்து நூல் தெரிந்தது. காற்றில்லாமல் ஓடும்போது பக்கச் சுவர் மடங்கி மடங்கிச் சூடாகி உள்ளேயே பொடிந்துவிடுமாம். வெளியே பார்த்தால் டயர் நன்றாகத்தான் இருக்கும், காற்றும் நிற்கும், ஆனால் நூறில் போகும்போது வெடித்துவிடும். அவர் மட்டும் சரி போங்கம்மா என்று விட்டிருந்தால் மேலூர் பக்கம் எங்கேயோ என் கதை முடிந்திருக்கும். குறைந்த காற்றில் ஓட்டியிருந்தால், டயரைப் பிரித்து உள்ளே பார்க்காமல் மறுபடி அதில் ஏறாதீர்கள். இந்தப் பதிவில் ஒன்றே ஒன்றைத்தான் நினைவில் வைப்பீர்கள் என்றால் அது இதுவாக இருக்கட்டும்.

ஸ்டெப்னியை மாட்டினார். முன்னதாக நட்டுகளை எப்படிக் கழற்றினார் என்றால், என் ஸ்பேனர் பிடியில் இரண்டடி இரும்புக் குழாயைச் செருகிக் காலால் ஒரு மிதி. அவ்வளவுதான். சக்கரம் தரையில் இருக்கும்போதே தளர்த்திவிட்டுத்தான் ஜாக்கி தூக்கியிருந்தார். அந்த மாதிரி ஒரு குழாய் இப்போது என் டிக்கியில் கிடக்கிறது. டயர் கடையில் வேலை முடிந்ததும் நட்டைக் கை ஸ்பேனரால் இறுக்கச் சொல்லி, நானே ஒன்றைத் தளர்த்தி இறுக்கிப் பார்த்துவிட்டுத்தான் இப்போதெல்லாம் கிளம்புகிறேன். ஸ்டெப்னியில் பதினெட்டுதான் காற்று இருந்தது, அதற்கும் அவரே நிரப்பினார். எல்லாவற்றுக்கும் சேர்த்து இருநூறு ரூபாய் வாங்கிக்கொண்டார்.

வேலை செய்துகொண்டே அவர் சொன்னவற்றை மறக்கக் கூடாது என்று அன்று ராத்திரியே எழுதி வைத்தேன். காற்று ஏறவில்லை என்றால் எப்போதும் அடைப்புதான் என்று இல்லையாம். பின்னை அழுத்தினால் உஸ் என்று காற்று வருகிறது, ஆனால் பம்ப் மாட்டினால் ஏறவில்லை என்றால், பம்ப்பின் வாய் பின்னைத் தொடவில்லை. வாய்க்குள்ளிருக்கும் ரப்பர் தேய்ந்திருக்கலாம், வீல் கப் இடித்து நேராக உட்கார விடாமல் தடுக்கலாம், பின் அளவுக்கு மீறி உள்ளே இறங்கியிருக்கலாம், வளைந்திருக்கலாம். பின்னின் நுனி வால்வு வாய் மட்டத்துக்கு ஒட்டினாற்போல் தெரிய வேண்டும். டயர் முழுக்க இறங்கிக் கிடந்தால் அழுத்திப் பார்ப்பதில் ஒன்றும் தெரியாது. அப்போது பின்னைக் கழற்றிவிட்டு வெறும் வால்வில் பம்ப்பை மாட்ட வேண்டும். டயர் எழ ஆரம்பித்தால் குற்றம் பின்னில், எழவில்லை என்றால் அடைப்பு இன்னும் கீழே, காற்று உள்ளே போய் ரிம் ஓரமாகப் புஸ்ஸென்று வந்தால் டயர் விலகியிருக்கிறது. புதுப் பின் போடும்போது விரலால் இறுகும் அளவு போதும், முறுக்கினால் சின்ன ரப்பர் நசுங்கிக் கசியும். பிறகு எச்சில் தொட்டு வைத்தால் முட்டை விடுகிறதா என்று தெரிந்துவிடும்.

அவர் சொன்னதில் எனக்கு மிகவும் ஆச்சரியமாக இருந்தது இன்னொன்று. ஸ்கூட்டர், பைக், கார் எல்லாவற்றுக்கும் இந்தப் பின் ஒன்றுதான். அவசரத்துக்கு ஸ்டெப்னியிலிருந்தோ பக்கத்தில் நிற்கும் பைக்கிலிருந்தோ ஒன்றைக் கழற்றிப் போட்டுக்கொள்ளலாம். நான் ரோட்டோரம் அழுதுகொண்டு உட்கார்ந்திருந்தபோது ஒரு நல்ல பின் என் டிக்கியிலேயே இருந்திருக்கிறது. பளபளக்கும் இரும்பு மூடியை அழகுக்காக வாங்கிப் போடுகிறவர்களையும் அவர் திட்டினார். அது வால்வோடு துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளும், இடுக்கியால் திருகினால் வால்வே முறிந்துவிடும், பிளாஸ்டிக் மூடிதான் நல்லது என்றார்.

மதுரை போய்ச் சேர்ந்தபோது தட்டு மாற்றி முடித்திருந்தார்கள். அக்கா திட்டவில்லை. என் கையைப் பிடித்துத் திருப்பி, கன்றிப்போன உள்ளங்கையைப் பார்த்தாள், அழுதாள். பெரியம்மா மகள் எனக்குப் பதிலாக நின்றிருக்கிறாள். போட்டோக்களில் நான் இல்லை. அது திரும்ப வராது.

திங்கட்கிழமை அங்கேயே ஒரு டயர் கடைக்குப் போனேன். நாலையும் மாற்றச் சொன்னார்கள், இருபதாயிரத்துக்குக் குறையாது என்றார்கள். என் ஸ்டெப்னி மற்ற டயர்களோடு சேர்ந்து வந்த அதே அளவு டயர், அதிகம் ஓடாதது. அதனால் ஒன்றுதான் வேண்டும் என்று உறுதியாக நின்றேன். டயர் நாலாயிரத்து எண்ணூறு, புது வால்வு நூறு, பேலன்ஸிங் இருநூறு, அலைன்மென்ட் ஐநூறு. பெரியவருக்குக் கொடுத்த இருநூறையும் ஜெல்லுக்கு அழுத ஆயிரத்து இருநூறையும் சேர்த்தால் மொத்தம் ஏழாயிரம். டயர் மாற்றும்போது வால்வையும் சேர்த்து மாற்றிவிடுங்கள். அந்த ரப்பர் வெயிலில் வெடிப்பு விடும், நூறு ரூபாய்க்குப் பார்க்க வேண்டியதில்லை.

திரும்பும் வழியில் துவரங்குறிச்சியில் நிறுத்தி, அக்கா கொடுத்த பலகாரத்தில் ஒரு டப்பாவைப் பெரியவரிடம் கொடுத்தேன். முதலில் வாங்க மறுத்தார். பிறகு வாங்கித் திண்ணையில் வைத்துவிட்டு, ஜெல் ஊற்றிய மற்ற மூன்று டயரையும் பார்க்கட்டுமா என்று அவரே கேட்டார். ஒவ்வொன்றாக வால்வை மேலே வரும்படி உருட்டி நிறுத்தச் சொல்லி, ஆணியால் அழுத்திக் கேட்டார். வலது முன் டயர் நன்றாகச் சத்தம் போட்டது. பின்னால் இரண்டிலும் உஸ் என்று வரவில்லை, மூச்சு வாங்குகிற மாதிரி லேசாக ஒரு இழுப்புதான் வந்தது. கழற்றிக் காட்டினார். இரண்டிலும் அதே வெள்ளைத் திரி பாதி வளர்ந்திருந்தது.